கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை

சென்னை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கோவளம் புதிய ஊரன்று. வியாழன் மாலை சென்று சேர்ந்து, தர்காவில் இரவு தங்கி, வெள்ளியன்று சியாரத் முடித்து, பிள்ளைகள் கேட்டுக்கொண்டால் மாமல்லபுரம் வரை சென்று கற்கோயில்களைப் பார்த்து, சங்குமாலையும் கிளிஞ்சல் பொம்மையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது பலரது வழக்கம். சிறுவயதில் நாமும் அவ்வாறே சென்று வந்தோம். அப்போது நம் கண்ணில் பட்டது இரண்டே: தர்காவின் பச்சைப் போர்வை, அதற்கப்பால் கடல்.

அண்மையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அதே கரைக்குச் சென்றிருந்தோம். ஹதீஸ் பாடம் தொடங்கிய பருவத்து மாணவர் ஒருவர், சியாரத் முடித்து வெளியே வந்ததும், தயக்கத்தோடு கேட்டார்: "ஹஜ்ரத், தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் இங்கே அடங்கியிருக்கிறார்கள் என்பதற்குச் சனது என்ன?"

கேள்வி மரியாதைக் குறைவானதன்று. சனது இல்லாத செய்தியை ஏற்காதே என்று அவருக்குக் கற்பித்தவர் நாமே. ஆயினும் உடனே விடை கூற இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கந்தூரிக் கூட்டத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர் ஒருவர் நம் சோழமண்டலக் கரையில் அடங்கியிருப்பது ஐயத்திற்கிடமில்லாத வரலாறு என்று முழங்கியவரும் நாமே. 'இருவரும் இக்கரையைச் சிறிது நடந்து பார்ப்போம். பிறகு சொல்கிறோம்' என்று கூறி மாணவரை அழைத்துச் சென்றோம். அன்று கண்டதையும், முன்னும் பின்னும் படித்தறிந்ததையும் ஈண்டு வாசகர்முன் வைக்கிறோம்.

குதிரை வந்த துறை

கோவளத்திலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் மாமல்லபுரம். அதற்கும் தெற்கே சதுரங்கப்பட்டினம். அப்பால் பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். இந்தச் சிறிய நீளத்துக்குள் எத்தனை துறைகள் தோன்றி மறைந்தன என்பதை எண்ணினால் வியப்பே மிஞ்சும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை வருணிக்கிறது. மேற்றிசையிலிருந்து கலங்களில் வந்திறங்கிய வெண்பிடரிக் குதிரைகளையும், கடலோடிகளை அழைக்க உயர்ந்த மாடத்தில் ஏற்றிய விளக்கையும் அப்பாட்டில் காண்கிறோம். அத்துறை மாமல்லையே என்பாரும், பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் என்பாரும் உளர். முகத்துவாரத்தருகே வசவசமுத்திரத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, ரோமானியக் கூர்முனைச் சாடிகளின் உடைசல்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே மேற்குலகம் இக்கரையை அறிந்திருந்தது என்பதற்கு மண்ணே சாட்சி கூறுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் தன் 'மாமல்லன்' என்னும் பட்டத்தை இவ்வூருக்குத் தந்தான். பாறையைக் குடைந்த மண்டபங்களும், ஒரே கல்லில் செதுக்கிய இரதங்களும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் இன்று உலகமெங்கும் அறியப்பட்டவை; 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இவற்றை நம் பிள்ளைகளுக்கு 'வேறு சமயத்தாரின் கோயில்' என்று மட்டும் காட்டித் திரும்புவது முறையன்று. உளியின் ஒலி அன்று இவ்வூரில் கேட்டதற்குக் காரணம் காஞ்சியின் செல்வம்; அச்செல்வத்தில் ஒரு பங்கு இத்துறையில் வந்திறங்கியது. திருமங்கையாழ்வாரும் கடல்மல்லையைப் பாடும்போது பொருட்சுமை தாங்கி நிற்கும் கலங்களை நினைவுகூர்கிறார்.

மாமல்லபுரத்துக் குன்றின்மேல் நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலில் ஆங்கிலேயர் காலத்தில் கப்பல்களுக்கு விளக்கேற்றினர். பின்னர் அதனருகிலேயே கற்கோபுரமாகக் கலங்கரை விளக்கம் எழுந்தது. விளக்கு இடம் மாறலாம். விளக்கின் தேவை மாறுவதில்லை என்று மாணவர்க்குச் சுட்டிக்காட்டினோம்.

சொற்களே சாட்சிகள்

அரபு நூலார் நம் நாட்டுக் கீழ்க்கரையை 'மஅபர்' என்றழைத்தனர். 'அபர' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லுக்குக் 'கடந்து செல்லும் இடம்' என்பது பொருள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இம்மஅபர் கொல்லம் முதல் நெல்லூர் வரை பரந்தது என்கிறார். அவ்வாறெனில் கோவளமும் மல்லையும் அதன் எல்லைக்குள் அடங்கியவையே. ஆண்டுதோறும் பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகள் மஅபருக்கு ஏற்றி வரப்பட்டதையும் அவர் விவரிக்கிறார்.

ஈண்டு ஒன்றைக் கவனிக்கவேண்டும். குதிரை வணிகம் இஸ்லாத்துக்கும் முற்பட்டது. பெரும்பாணாற்றுப்படையே அதற்குச் சான்று. அரபு வணிகர் புதுவழி வெட்டி வந்தாரல்லர். முன்னோர் நடந்த நீர்வழியில் ஈமானையும் உடன்கொண்டு வந்தனர். இதில் நமக்குக் குறைவேதும் இல்லை.

மொழியிலும் அந்த உறவு பதிந்துள்ளது. கப்பலின் உரிமையாளனையோ தலைவனையோ குறிக்கும் 'நாகுதா' பாரசீகச் சொல். 'பந்தர்' என்றால் துறைமுகம். பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்னும் பெயர் வழங்கியதை வாசகர் அறிவர். 'மாலுமி' என்று நாம் தமிழாகவே எண்ணி வழங்கும் சொல் அரபு 'முஅல்லிம்' என்பதன் திரிபாகும். கற்பிப்பவன் என்பது அதன் பொருள். அரபுக் கடலோடிகள் கலத்தைச் செலுத்தும் வழியறிந்தவனை அப்பெயரால் அழைத்தனர். மதரஸாவில் பலகைக்கு முன் அமர்ந்திருக்கும் நம்மையும், விண்மீன் பார்த்துக் கலம் செலுத்தியவனையும் ஒரே சொல் குறிக்கிறது என்று கூறியபோது மாணவர்கள் நகைத்தனர். நமக்கோ சிறிது அச்சமே தோன்றியது. மாலுமி தவறான திசை காட்டினால் கலம் பாறையில் மோதும். முஅல்லிம் தவறான செய்தி கூறினால்?

சஆதத் பந்தர்

இனிக் கோவளத்திற்கு வருவோம். ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த பெல்ஜிய நாட்டு ஆஸ்டெண்டு வணிகர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே பண்டகசாலை அமைத்தனர். அவர்களது கம்பெனி 1731இல் கலைக்கப்பட்டது. பின்னர் கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் கடலோரத்தில் ஒரு கோட்டை எழுப்பினார். சஆதத் பந்தர் என்பது அதன் பெயர்; 'நற்பேற்றுத் துறை' என்று தமிழாக்கலாம்.

நற்பேறு நீடிக்கவில்லை. 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கான் மாண்டார். மறு ஆண்டு ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரைக்கு எதிரே நங்கூரமிட்டது. மாலுமிகள் நோயுற்று மடிகிறார்கள், எஞ்சியோருக்கு இடம் தாருங்கள் என்று வேண்டியது. கோட்டையினர் இரங்கி அவர்களை உள்ளே சேர்த்தனர். இரவில் 'நோயாளிகள்' எழுந்து காவலரை மடக்கிக் கோட்டையைப் பிடித்தனர். 1752இல் கிளைவ், பயிற்சியற்ற சிறு படையோடு வந்து கோவளத்தையும், அதையடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றினான். கோவளக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று கோவளத்திற்கு வரும் நம்மவரில் 'சஆதத் பந்தர்' என்னும் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சனது வழக்கு

சம்புவராயர் காலத்தில் இராசநாராயணன் பட்டினம் என்னும் பெயரும் பெற்றிருந்த சதுரங்கப்பட்டினத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் தம் வணிகத் தலமாக்கினர். சுற்றுப்புற நெசவாளர் நெய்த மெல்லிய துணியே அவர்களை ஈர்த்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கத் துணியே பணமாயிற்று. சிதைந்த செங்கல் மதிலும், கிடங்குகளும், டச்சு எழுத்துப் பொறித்த கல்லறைகளும் தொல்லியல் துறையின் காவலில் இன்றும் உள்ளன.

1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த டச்சு ஊரைப் பொது இடமாகக் கொண்டு சமாதானம் பேசக் கூடினர். கர்நாடகத்தின் உண்மை நவாப் யார் என்பதே வழக்கு. பிரெஞ்சுக்காரர் தம் உரிமைக்குப் பாரசீகச் சனதுகளை எடுத்து வைத்தனர். ஆங்கிலேயர் அவற்றின் முத்திரையில் ஐயம் எழுப்பினர். தம் சனதுகளையோ காட்டினாரில்லை. பேச்சு முறிந்தது. ஒரு நாட்டின் தலைவிதி ஓர் ஆவணத்தின் நம்பகத்தில் தொங்கியதைக் கண்டு, கேள்வி கேட்ட மாணவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைக் குறிக்கும் அதே சொல்லன்றோ அரசாணைக்கும் வழங்கியது!

1782 பிப்ரவரி 17ஆம் நாள் இவ்வூருக்கு அப்பால் கடலில் ஆங்கில, பிரெஞ்சுக் கடற்படைகள் மோதின. அதன்பின் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான், ஹைதர் அலிக்குத் துணையாகக் கொண்டுவந்த படையைப் பரங்கிப்பேட்டையில் இறக்கினார். 1781இலேயே சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. இடையில் டச்சுக்காரர்க்குத் திரும்பி, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அடுத்த ஆண்டு முடிவாக ஆங்கிலேயரையே சேர்ந்தது.

துறைகள் ஏன் மறைந்தன?

மணல் தூர்ந்ததால் துறைகள் அழிந்தன என்று கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. இக்கரையில் எங்குமே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, கட்டுமரமும் மசூலாப் படகும் அலையைக் கடந்து பொருளைக் கரை சேர்த்தன. சென்னையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அவ்வாறே இருந்தது. ஆயினும் சென்னை வளர்ந்தது. கோவளமும் சதுரங்கப்பட்டினமும் தேய்ந்தன. அதிகாரம் எங்கு அமர்ந்ததோ அங்கே வணிகமும் அமர்ந்தது. நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதித் தந்தபோதே இத்துறைகளின் கணக்கு முடிந்தது. செங்கற்பட்டுக் கோட்டையையே ஊடறுத்துப் பிற்காலத்தில் இரயில் பாதை சென்றது.

துறைகள் போனபின் கரையைக் காத்தவை உப்பும் மீனும். கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களின் உப்பும், விறகும், பிற சரக்குகளும் பக்கிங்காம் கால்வாயில் படகேறின. 1806இல் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் பசித்தோரின் உழைப்பால் சென்னை நகருக்குள் இணைக்கப்பெற்ற கால்வாய் அது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. இன்று அதில் சரக்குப் படகு இல்லை. கரையோரச் சாலையும், சுற்றுலா விடுதிகளும், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களும், கல்பாக்கம் அணுமின் நிலையமும் பலர்க்குப் பிழைப்பளிக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மீனவர் குப்பங்களைச் சூறையாடியது. அதன்பின் சாளுவன்குப்பத்தில் மண்ணுள் புதைந்திருந்த பழைய முருகன் கோயிலின் தடயமும் வெளிப்பட்டது. கோவளத்தில் கோயிலும் தேவாலயமும் தர்காவும் ஒரே அலையோசையைக் கேட்டு நிற்கின்றன.

மாணவருக்கு அளித்த விடை

மாலையில் மறுபடியும் கோவளக் கரையில் அமர்ந்தோம். விடையை இவ்வாறு கூறினோம்:

"தமீமுத் தாரி (ரலி) அவர்கள் ஹிஜ்ரி ஒன்பதில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். அவர்களது கலம் ஒரு மாதம் அலைகளில் அலைக்கழிந்து தீவொன்றில் ஒதுங்கிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவர்கள் அன்சாரி அல்லர். பிற்காலத்தில் ஷாம் நாடு சென்று வாழ்ந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அக்கடற்பயணச் செய்தி வளர்ந்து மலாய் மொழியிலும் ஹிகாயத்தாயிற்று. அன்சாரிகளிலும் தமீம் என்னும் பெயருடைய ஸஹாபாக்கள் இருந்தனர். அவர்களில் எவரும் இக்கரைக்கு வந்ததாக நாம் படித்த நூல்களில் காணவில்லை. ஆகவே, இது மக்கள் வழிவழியாகப் போற்றும் நம்பிக்கை. சனது உள்ள வரலாறன்று. இங்கே அடங்கியிருப்பவர் யாராயினும் அல்லாஹ்வின் நல்லடியார் என்ற மதிப்போடு ஸலாம் கூறுவோம். ஆனால் அறியாததை அறிந்ததாகக் கூறோம். முன்பு அவ்வாறு கூறியது நம் தவறு."

மாணவர் சற்றுநேரம் அமைதியாயிருந்து, "அப்படியானால் இக்கரையில் நமக்கு வரலாறே இல்லையா, ஹஜ்ரத்?" என்றார்.

"காலையிலிருந்து நாம் நடந்ததெல்லாம் என்ன?" என்று கேட்டோம். மஅபர் என்ற பெயர், மாலுமி என்ற சொல், குதிரை ஏறிய கலங்கள், சஆதத் பந்தர், சனதுக்காக நடந்த வழக்கு, ஜாகீர் ஆவணம்: இவையனைத்தும் சான்றுடையவை. மெய்யான செல்வம் பெட்டியில் இருக்கக் கடன் வாங்கிய நகையை அணிவானேன்?

அந்தப் பெட்டியும் பத்திரமாக இல்லை என்பதே நம் கவலை. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பெரியவரின் வீட்டில் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ் ஏடுகள் ஒரு மூட்டை இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றோம். "குர்ஆன் எழுத்தாயிற்றே, காலில் படக்கூடாது என்று போன ரமலானுக்கு முன் கடலில் விட்டுவிட்டோம்" என்றார், மிகுந்த பக்தியோடு. விசாரித்ததில் அவற்றுள் பல சரக்குக் கணக்குகள் என்று தெரிந்தது. எந்தக் கப்பல், எந்தத் துறை, எந்த ஆண்டு என்று கூறவல்ல சாட்சிகளை நம் கையாலேயே நீரில் இறக்கியிருக்கிறோம்.

ஆகவே, அடுத்தமுறை கோவளம் செல்லும் குடும்பத்தார் சியாரத்துக்குப்பின் அரைநாள் ஒதுக்கி, மல்லைக் குன்றும் சதுரங்கப்பட்டினத்து மதிலும் கண்டு வருக. ஊர் திரும்பியதும், பரணில் கிடக்கும் அரபுத்தமிழ்த் தாள்களை, படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டாமல் கடலில் விடாதிருக்க. அம்மாணவர் சென்ற வாரம் தம் பாட்டியார் வீட்டிலிருந்து ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்திருக்கிறார். கரையான் அரித்ததுபோக எஞ்சிய பக்கங்களை இருவரும் படித்துவருகிறோம்.