உட்கட்சித் தேர்தல் தகராறுகள் (தமிழ்நாடு)

ஒரு கட்சி தன் தலைவரையோ வேட்பாளரையோ தேர்ந்தெடுக்கும்போது யாருக்கு வாக்கு, யார் போட்டியிடலாம், விதியை யார் எப்போது திருத்தலாம் என்பவை குறித்து எழும் பூசல்களே உட்கட்சித் தேர்தல் தகராறுகள். தமிழ்நாட்டில் இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1940-இல் விருதுநகர் கு. காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானதும், 2023-இல் எடப்பாடி கே. பழனிசாமி அ.தி.மு.க. பொதுச்செயலாளரானதும் இந்த வரலாற்றின் இரு பெரிய கட்டங்கள். இரண்டிலும் யார் வென்றார் என்பதைவிட, வாக்குரிமை யாரிடம் இருந்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வாக்குரிமையின் படிக்கட்டு

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாக உள்ள வட்டாரத்தில் இருக்கிறது ஆமத்தூர். அந்த ஊரில் மூன்று பேர் மூன்று கட்சிகளில் உறுப்பினர் அட்டை வாங்கியிருந்தால், கட்சித் தலைமையைத் தேர்ந்தெடுப்பதில் மூவருக்கும் ஒரே உரிமை கிடைக்காது. தி.மு.க. உறுப்பினர் கிளைக் கழக நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கிருந்து ஒன்றியம், மாவட்டம் என்று ஏறி, தலைவரையும் பொதுச்செயலாளரையும் பொதுக்குழு தேர்ந்தெடுக்கும். காங்கிரஸ் உறுப்பினருக்கும் அகில இந்தியத் தலைவர் தேர்தலில் நேரடி வாக்கு இல்லை. மாநிலக் கமிட்டியின் பிரதிநிதிகளே வாக்களிப்பார்கள். கம்யூனிஸ்ட் கட்சிகளில் கிளை மாநாடு முதல் அகில இந்திய மாநாடு வரை பிரதிநிதிகள் வழியாகவே தேர்வு நடக்கும். அ.தி.மு.க. உறுப்பினரின் நிலை மட்டும் வேறு. அக்கட்சியின் மூல விதிப்படி, பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அடிப்படை உறுப்பினர் கையிலேயே இருக்கிறது.

இதை அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் முதற்கட்டத் தேர்தல் நடக்கிறது. பெரும்பாலும் அரசே வாக்குச்சாவடி அமைத்து நடத்துகிறது. சட்டமும் அதைக் கட்டுப்படுத்துகிறது. கறுப்பினத்தவரை விலக்கி வெள்ளையர் மட்டும் வாக்களித்த டெக்சாஸ் முதற்கட்டத் தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1944-இல் செல்லாதென்றது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முதற்கட்டத் தேர்தலிலும் களமிறங்காமல் சனநாயகக் கட்சி வேட்பாளரானார். அதனால் எழுந்த கொதிப்பில் விதிகள் திருத்தப்பட்டு, வாக்காளரின் பங்கு கூடியது. அதன் பிறகும் தகராறு ஓயவில்லை. 2008-இல் கட்சி குறித்த நாளுக்கு முன்பே தேர்தல் நடத்திய புளோரிடா, மிச்சிகன் மாநிலப் பிரதிநிதிகளுக்கு நீண்ட இழுபறிக்குப் பின் முதலில் அரை வாக்கு வீதமே தரப்பட்டு, பிறகு மாநாட்டில் முழு வாக்கும் மீட்கப்பட்டது. 2016-இல் அயோவாவில் வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கையில், பென் கார்சன் போட்டியிலிருந்து விலகப்போகிறார் என்ற செய்தியை டெட் குரூஸ் அணியினர் பரப்பினர். குரூஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார். 2024-இல் ஜோ பைடன் விலகியதும், மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், முதற்கட்டத் தேர்தல் எதிலும் வெல்லாமல் பிரதிநிதிகளின் வாக்கால் வேட்பாளரானார்.

நாலணா உறுப்பினரும் மூன்று வாக்கும்

1920 நாகபுரி மாநாட்டில் காங்கிரசுக்குப் புதிய அமைப்பு விதி வந்தது. நாலணா சந்தா கட்டிய எவரும் உறுப்பினர்; மொழிவழி மாகாணக் கமிட்டிகள்; தமிழ்நாட்டுக்குத் தனிக் கமிட்டி. இந்த நாலணாதான் கட்சியைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனது. போலி உறுப்பினர் என்ற நோயும் இதே வழியாகத்தான் வந்தது. 1930-களின் கடைசியில் மாகாண ஆட்சிகள் காங்கிரஸ் கைக்கு வந்ததும் உறுப்பினர் எண்ணிக்கை பெருகியது. பட்டியல்களில் பொய்ப் பெயர்கள் ஏறுவதைக் காந்தியடிகளே வெளிப்படையாகக் கண்டித்தார்.

தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அப்போது சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி), எஸ். சத்தியமூர்த்தி என்ற இரு தலைவர்களின் பின்னால் பிரிந்து நின்றது. காமராஜர் சத்தியமூர்த்தியின் தொண்டர். 1936-இல் சத்தியமூர்த்தி மாகாணத் தலைவரானபோது காமராஜரைச் செயலாளராக்கினார். 1940 தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தி தாம் நிற்காமல் காமராஜரை நிறுத்தினார். ராஜாஜி தரப்பின் வேட்பாளர் கோவை சி.பி. சுப்பையா. காமராஜருக்கு 103 வாக்கு, சுப்பையாவுக்கு 100. வழிகாட்டியான சத்தியமூர்த்தி தம் தொண்டரின்கீழ் செயலாளராகப் பணியாற்றினார். தமிழக அரசியலில் இதற்கு இணையான இன்னொரு நிகழ்வைக் காண்பது அரிது.

மூன்று வாக்கில் கிடைத்த தலைமையைக் காமராஜர் எப்படிக் காத்தார் என்பதற்கான விடை, வட்டாரக் கமிட்டிகளில் அவருக்கு இருந்த நேரடித் தொடர்பு. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஊழியர்கள் அவருக்கு ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1942-இல் பாகிஸ்தான் கோரிக்கை தொடர்பான தம் நிலைப்பாட்டால் ராஜாஜி காங்கிரசிலிருந்து விலகினார். 1945-இல் அவர் திரும்பி வந்ததும், கட்சிப் பொறுப்புக்கு எந்த வழியில் வரலாம் என்பதே சண்டையாயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து அவர் மாகாணக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது விதிப்படி செல்லுமா என்று காமராஜர் தரப்பு கேட்டது. ராஜாஜி விலகி நின்ற 1942 போராட்டத்தில் சிறை சென்றவர்களுக்கு இருந்த மனக்காயமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. 1945 அக்டோபரில் திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ் ஊழியர் மாநாட்டில் காமராஜர் பக்கமே பெரும்பான்மை நின்றது.

1946 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியடிகள், மதுரைக்கும் பழனிக்கும் பயணம் செய்தார். திரும்பியதும் ‘ஹரிஜன்’ இதழில், ராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் இயங்குவதாக எழுதினார். பயணத்தில் உடனிருந்த காமராஜரை அது ஆழமாகப் புண்படுத்தியது. சட்டமன்ற வேட்பாளர்களைத் தேர்வு செய்யும் குழுவிலிருந்து விலகினார். ஆனால் கட்சிக்குள் எண்ணிக்கை அவரிடமே இருந்தது. தேர்தல் முடிந்ததும் ராஜாஜியைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக்க மேலிடம் விரும்பியும் சட்டமன்ற உறுப்பினர்கள் ஏற்கவில்லை. டி. பிரகாசம் முதல்வரானார். பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1949-இல் ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா என்று முதல்வர்கள் மாறியபோதெல்லாம் சட்டமன்றக் கட்சிக்குள் காமராஜரின் கணக்கே செல்லுபடியானது.

பின்னர் முதல்வரான ராஜாஜி, தாம் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் 1954 மார்ச்சில் பதவி விலகினார். புதிய தலைவருக்கான போட்டியில் காமராஜர் 93 வாக்கும் சி. சுப்பிரமணியம் 41 வாக்கும் பெற்றனர். தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த எம். பக்தவத்சலத்தையும் காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். உட்கட்சிப் போட்டி கட்சியைப் பிளக்காமல் முடிவதற்கு என்ன தேவை என்று கேட்பவர்கள் இந்த ஒரு செயலைப் படித்தால் போதும்.

வென்றவருக்கும் அதிகாரம் கிடைக்காமல் போகலாம் என்பதற்கு அகில இந்தியச் சான்று 1939. காந்தியடிகள் ஆதரித்த பட்டாபி சீதாராமையாவைச் சுபாஷ் சந்திர போஸ் சுமார் 200 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். திரிபுரி மாநாட்டில், செயற்குழுவைக் காந்தியடிகளின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்ற பந்த் தீர்மானம் நிறைவேறியது. ஏப்ரல் இறுதியில் போஸ் விலகினார்.

தி.மு.க.: பதவியை உருவாக்கித் தீர்த்தல்

1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்ததும் மு. கருணாநிதிக்கும் இரா. நெடுஞ்செழியனுக்கும் இடையே எழுந்த போட்டி, விதித் திருத்தத்தால் தணிக்கப்பட்டது. பெரியாருக்காக என்று 1949 முதல் காலியாக வைத்திருந்த தலைவர் பதவி நிரப்பப்பட்டது. கருணாநிதி தலைவர், நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர். பிற்காலத்தில் சிவகாசியின் மக்களவை உறுப்பினரான வைகோ, 1993-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டபோது தம் அணியே உண்மையான தி.மு.க. என்று உதயசூரியன் சின்னத்துக்கு உரிமை கோரினார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. 1994-இல் ம.தி.மு.க. பிறந்தது.

அ.தி.மு.க.: மாற்றக்கூடாத விதி

1972 அக்டோபரில் கட்சிக் கணக்கைக் கேட்டதற்காகத் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., புதுக்கட்சியின் விதிகளில் ஒன்றைத் தெளிவாக வைத்தார்: பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். பொதுக்குழு எந்த விதியையும் திருத்தலாம். இதை மட்டும் தொடக்கூடாது. விதி 43 அதைச் சொன்னது. ஒரு குழுவின் முடிவால் வெளியேற்றப்பட்டவர் எழுதிய விதி அது என்பதை நினைத்தால் அதன் நோக்கம் புரியும். 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று அவர் முதல்வரானார்.

அந்த வாக்குரிமை ஏட்டில் பெரிது, நடப்பில் சிறிது. ஜெயலலிதா போட்டியின்றியே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2014-இல் ஏழாவது முறை. 2016 டிசம்பர் 5-இல் அவர் இறந்ததும் சிக்கல் வெளியே வந்தது. டிசம்பர் 29-இல் வானகரத்தில் கூடிய பொதுக்குழு, வி.கே. சசிகலாவைத் தற்காலிகப் பொதுச்செயலாளராக்கியது. தொடர்ந்து ஐந்தாண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதியும், 2011 டிசம்பரில் நீக்கப்பட்டு 2012 மார்ச்சில்தான் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டார் என்ற உண்மையும் எதிரணியின் ஆயுதங்களாயின. 2017 பிப்ரவரியில் சசிகலாவுக்கு எதிராக முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் இருந்த தியானம், கூவத்தூர் விடுதியில் சசிகலா தரப்புச் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்டது, மார்ச் 22-இல் இரட்டை இலைச் சின்ன முடக்கம் என்று நிகழ்வுகள் அடுக்கடுக்காக வந்தன. ஆகஸ்டில் பன்னீர்செல்வம், பழனிசாமி அணிகள் இணைந்தன. செப்டம்பர் 12 பொதுக்குழு, பொதுச்செயலாளர் பதவி ஜெயலலிதாவுக்கே நிரந்தரம் என்று அறிவித்து, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரு பதவிகளைப் படைத்தது. மாற்றக்கூடாத விதி பேசும் பதவியையே காலியாக்கிவிட்ட வழி இது. நவம்பரில் சின்னம் அவர்களுக்குக் கிடைத்தது.

2021 டிசம்பரில் இரு பதவிகளுக்கும் உரியவர்களை உறுப்பினர்களே ஒற்றை வாக்கில் தேர்ந்தெடுப்பார்கள் என்று விதி திருத்தப்பட்டது. வேட்புமனு வாங்கத் தலைமை அலுவலகத்துக்கு வந்த ஒரு சாதாரண உறுப்பினர் தாக்கப்பட்டு வெளியேற்றப்பட்டதாகப் புகார் எழுந்தது. பன்னீர்செல்வமும் பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வாயினர். ஆறே மாதத்தில் ‘ஒற்றைத் தலைமை’ முழக்கம் சுவரொட்டிகளில் ஏறியது. 2022 ஜூன் 23 பொதுக்குழுவுக்கு முந்தைய இரவு சென்னை உயர் நீதிமன்ற அமர்வு விடிய விடிய விசாரித்தது. முன்பே முடிவான 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் எடுக்கக்கூடாது என்று அதிகாலையில் உத்தரவு வந்தது. கூட்டத்தில் அந்த 23-ம் நிராகரிக்கப்பட்டன. பன்னீர்செல்வம் வெளிநடப்புச் செய்தபோது தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்தன.

ஜூலை 11-இல் கூடிய அடுத்த பொதுக்குழு, பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தை நீக்கியது. அதே காலையில் ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் இரு தரப்பும் மோதின. அலுவலகம் சீல் வைக்கப்பட்டது. தகராறின் உயிர்நாடி அன்று கொண்டுவந்த தகுதி விதிகளில் இருக்கிறது. பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவர் பத்தாண்டு தொடர்ந்து உறுப்பினராகவும், ஐந்தாண்டு தலைமைக் கழக நிர்வாகியாகவும் இருந்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, வேறு பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். கட்சியில் எழுபதுக்குச் சற்று அதிகமான மாவட்டச் செயலாளர்களே இருந்தனர். ஒவ்வொருவரும் ஒருவரை மட்டும் ஆதரித்தால், மூவருக்கு மேல் களத்துக்கே வர முடியாது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே பக்கம் இருந்ததால், நடைமுறையில் ஒருவரே வர முடியும். வாக்கு உறுப்பினரிடமே இருக்கிறது. யாருக்கு வாக்களிக்கலாம் என்பதை மாவட்டச் செயலாளர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 17-இல் தனி நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் ஜூன் 23-இல் இருந்த நிலையே தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2-இல் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. தீர்மானங்களின் செல்லுபடியை உரிமையியல் வழக்குகளுக்கே விட்டது. மார்ச் 26-க்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நீக்கப்பட்ட பன்னீர்செல்வம் நிற்க இயலவில்லை. மார்ச் 28-இல் நீதிமன்றத் தடை விலகியதும் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் தேர்தல் ஆணையம் அதைப் பதிவு செய்துகொண்டது. உறுப்பினர் ஒருவர்கூட வாக்குச்சீட்டைத் தொடவில்லை.

இறக்குமதியான முறை

2014 மக்களவைத் தேர்தலில் ராகுல் காந்தியின் முயற்சியால் காங்கிரஸ், அமெரிக்க மாதிரியில் சில தொகுதிகளில் முதற்கட்டத் தேர்தல் நடத்தியது. மங்களூரில் ஜனார்த்தன பூஜாரி அவ்வாறு தேர்வாகிப் பொதுத்தேர்தலில் தோற்றார். வதோதராவில் உட்கட்சித் தேர்தலில் வென்றவர், நரேந்திர மோதியை எதிர்க்க மேலிடம் மதுசூதன் மிஸ்திரியை அனுப்பியதால் விலகிக்கொண்டார். வாக்கெடுப்பு நடத்திவிட்டு அதன் முடிவை ஒதுக்கிவைப்பது, வாக்கெடுப்பே நடத்தாததைவிடக் கெட்டது.

2022 அக்டோபரில் நடந்த காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்கும் சசி தரூர் 1,072 வாக்கும் பெற்றனர். அதற்கு முன்பே தரூரும், சிவகங்கை மக்களவை உறுப்பினர் கார்த்தி சிதம்பரம் உள்ளிட்டோரும் வாக்காளர் பட்டியலை வெளியிடக் கோரினர். உத்தரப் பிரதேச வாக்குப்பெட்டிகளின் முத்திரை பற்றியும் தரூர் தரப்பு புகார் தந்தது.

சட்டத்தின் நிலை

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. உட்கட்சித் தேர்தலை எப்படி நடத்துவது என்று சொல்வதில்லை. 1968 சின்னங்கள் ஆணை, உட்கட்சித் தகராறில் கட்சி பிளந்த பிறகே தலையிடுகிறது. அப்போதும் சட்டமன்றத்திலும் கட்சி அமைப்பிலும் யாருக்குப் பெரும்பான்மை என்பதே 1971 சாதிக் அலி வழக்குக்குப் பின் அளவுகோல். அதனால் விதியை மீறியவரும் எண்ணிக்கை காட்டினால் சின்னத்தோடு வெளியே வரலாம். பட்டியலை முன்கூட்டியே வெளியிடுதல், தேர்தல் அறிவித்த பின் தகுதி விதியைத் திருத்தாமை, கட்சிக்கு வெளியிலிருந்து ஒரு தேர்தல் அதிகாரி ஆகிய மூன்றும் சட்டமாக வேண்டும். உட்கட்சி சனநாயகத்தைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-ஆம் அறிக்கையிலும், 2015-இல் 255-ஆம் அறிக்கையிலும் பரிந்துரைத்தது. இரண்டுமே இதுவரை சட்டமாகவில்லை.