ஒழுகையும் சேம அச்சும்: பாலாற்றுப் பெருவழியில் கூட்டப் பயணங்கள்

கீழைக் கடற்கரையையும் மைசூர்ப் பீடபூமியையும் இணைக்கும் இயற்கை வழிகளுள் தலையாயது பாலாற்றுப் பள்ளத்தாக்கு ஆகும். தெற்கே சவ்வாது மலையும் வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளும் நிற்க, இடையே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு என்று ஊர்கள் ஒரு நூலில் கோத்த மணிகளைப் போல் அமைந்துள்ளன. இன்று தோல் பதனிடும் தொழிலாலும் காலணி ஏற்றுமதியாலும் உலகறிந்த இவ்வூர்களுக்கு அதனினும் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அது வழியின் வரலாறு. அவ்வழியில் தனித்துச் செல்ல அஞ்சிக் கூட்டமாகச் சென்ற மக்களின் வரலாறு. அரசர்கள் வென்றதும் தோற்றதும் கல்லிலும் ஏட்டிலும் பதிந்துள்ளன. வழிநடந்தோர் வரலாறோ இலக்கியத்தில் ஒரு வரியாகவும், கல்வெட்டில் ஒரு சொல்லாகவும், பிற்காலத்தில் காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு பெயராகவும் சிதறிக் கிடக்கிறது.

உமணர் ஒழுகை

கூட்டமாகச் செல்லும் வணிகருக்குத் தமிழ் வழங்கிய பெயர் ‘சாத்து’. வரிசையாகச் செல்லும் வண்டித் தொடருக்கு வழங்கிய பெயர் ‘ஒழுகை’. நீர் ஒழுகுவது போல் இடையறாது செல்வது ஒழுகை. சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான்; பெருஞ்சாத்தின் தலைவன் என்பதையே அப்பெயர் உணர்த்துகிறது. வடநாட்டில் இத்தலைவனைச் சார்த்தவாகன் என்றனர். மேலை ஆசியப் பாலைகளில் ஒட்டகத் தொடர்கள் செய்த பணியைத் தமிழகத்தில் எருதுகளும் கழுதைகளும் செய்தன.

சங்க இலக்கியத்தில் நெடுவழி நடந்தோருள் முதலிடம் பெறுவோர் உமணர். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றி, உள்நாட்டு ஊர்களில் விலை கூறி, நெல்லுக்கு மாற்றி மீண்டவர் அவர். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டிகளைக் கண்முன் நிறுத்துகிறார். வண்டியில் உரல் இருக்கிறது. ஊறுகாய்ப் பானை தொங்குகிறது. கைக்குழந்தையுடன் பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். களைத்த எருதுக்கு மாற்றாக வேறு எருதுகள் உடன் நடக்கின்றன. குடும்பம் முழுவதுமே வழியில் வாழ்கிறது. அவர்களை அடுத்து மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு ஆயுதம் தாங்கிய வணிகச் சாத்து வருகிறது. சுங்கம் கொள்ளும் பெருவழியையும் அதைக் காக்கும் வில் வீரரையும் புலவர் காட்டத் தவறவில்லை. தொண்டை நாட்டுப் பெருவழி பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சித்திரங்களுள் இது ஒன்று.

அகநானூறு இச்சித்திரத்தின் மறுபக்கத்தைத் தீட்டுகிறது. உமணர் கல்கூட்டிச் சமைத்துவிட்டுச் சென்ற அடுப்பில், ஆநிரை கவர்ந்து வரும் மறவர் பின்னர்ச் சமைக்கின்றனர். உழைத்து உண்பவனுக்கும் பறித்து உண்பவனுக்கும் வழி பொது, அடுப்பும் பொது. பாலைத் திணையின் கொடுமையை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனுக்கு உவமையாகத் தேர்ந்தது வாளையோ வேழத்தையோ அன்று. எருதுகள் இளையன, நுகம் பழகாதன. வண்டியிலோ பாரம் மிகுதி. மேடு வருமோ பள்ளம் வருமோ யார் அறிவர் என்று எண்ணி, உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பர். அந்தச் ‘சேம அச்சு’ போன்றவன் அவன் என்கிறார். புறநானூற்றின் 102-ஆம் பாடல் இது. அரசனின் சிறப்பைச் சொல்ல உப்பு வண்டியின் அடிமரம் உதவியது. அச்சு முறிந்த ஒரு வண்டிக்காக ஒழுகை முழுவதும் நின்றாக வேண்டும் என்பதை அறிந்த புலவருக்கே இவ்வுவமை தோன்றும்.

காதக்கல்லும் எறிவீரரும்

அதியமான் பெயரால் ஒரு நெடுஞ்சாலையே பிற்காலத்தில் வழங்கியது. ‘அதியமான் பெருவழி’ என்று பொறித்த, ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கற்கள் தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ளன. நாவற்தாவளம் என்னும் இடத்திற்கு இன்னும் 27 காதம் என்கிறது ஒரு கல். 29 காதம் என்கிறது மற்றொன்று. எண்ணை எழுத்தால் பொறித்ததோடு சிற்பி நிற்கவில்லை, குழிகளாலும் குறித்தான். பெருங்குழி பத்துக்கும் சிறுகுழி ஒன்றுக்கும் அடையாளம். எழுத்தறியாத வண்டிக்காரனும் இருளில் வருபவனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம். வழி என்பது கற்றவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்ந்த ஓர் ஆட்சியின் சான்று அது. ‘தாவளம்’ என்ற சொல்லும் கருதத்தக்கது. சாத்துகள் தங்கிப் பொதி அவிழ்த்து விற்றுச் செல்லும் இடமே தாவளம்.

இடைக்காலத்தில் வழிகளைத் தம் கையில் வைத்திருந்தவை வணிகக் குழுக்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தம் சரக்குகளைக் காக்கத் தமக்கெனப் படைவீரரை வைத்திருந்தனர். சுமத்திராத் தீவின் லோபு துவா என்னும் இடத்தில் 1088-இல் தமிழ்க் கல்வெட்டுப் பொறிக்கும் அளவுக்கு அவர்கள் கடல் கடந்து பரவியிருந்தனர். அவர்களுடைய வீரர்களைச் சிறப்பித்து ‘எறிவீரபட்டினம்’ எனச் சில ஊர்கள் பெயர் பெற்றன. வேலூருக்கு வடமேற்கே, மதனப்பள்ளியை அடுத்த பாசினிகொண்டாக் கல்வெட்டு, சிறாவள்ளி என்னும் ஊர் அவ்வாறு எறிவீரபட்டினம் ஆக்கப்பட்டதைக் குறிக்கிறது. அரசின் கை எட்டாத மலைவழியில் கூட்டமே காவல்; கூட்டத்தின் ஒப்பந்தமே சட்டம்.

காவல் ஏன் தேவைப்பட்டது என்பதை ஆம்பூரே சொல்லும். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இரு நடுகற்கள் இங்குக் கிடைத்தன. நுளம்பனின் படை ஆநிரை கவர வந்தபோது எதிர்த்து மடிந்த வீரருக்கு எடுக்கப்பட்ட கற்கள் அவை. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கு எல்லைப்புறம். எல்லைப்புறத்தில் மாடு வெறும் செல்வமன்று. ஏரும் வண்டியும் பொதியும் அதுவே.

படைகளின் பின்னே பொதிமாடுகள்

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வழி போர்வழியாயிற்று. 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் வீழ்ந்தார். 1767-இன் இறுதியில் ஐதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கர்னல் ஸ்மித்தின் படை வந்து சேர்ந்தபின் முற்றுகை நீங்கியது. 1791 பிப்ரவரியில் கார்ன்வாலிசு வேலூர் வந்து, ஆம்பூர் வழியே ஏறப்போவதாகப் போக்குக் காட்டி, சித்தூர்ப் பக்கம் திரும்பி முகிலிக் கணவாய் வழியாக மைசூர் நாட்டில் புகுந்தார். மார்ச்சு 21-இல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. ஆயினும் மே மாதம் சீரங்கப்பட்டணத்தின் அருகே சென்ற அப்படை, கோட்டையைத் தொடாமலே பின்வாங்கியது. காரணம் திப்புவின் பீரங்கிகள் மட்டுமன்று. மழையிலும் நோயிலும் இழுவை மாடுகள் இறந்தன, தானியம் தீர்ந்தது, இழுக்க மாடில்லாத முற்றுகைப் பீரங்கிகளை அவர்களே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு நிலை மாறியது. அதற்குப் பெருந்துணை புரிந்தோர், ஆங்கிலேயர் ‘பிரிஞ்சாரி’ என எழுதிய லம்பாடி மக்கள். அலெக்சாண்டர் ரீட் என்னும் அதிகாரி அவர்தம் தலைவர்களோடு பேசித் தானியப் போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்தார். பின்னாளில் பாராமகால் நிலவரித் திட்டத்தை வகுத்தவரும் இவரே. லம்பாடியரின் கூட்டம் ‘தாண்டா’, தலைவர் ‘நாயக்’. ஆயிரக்கணக்கான எருதுகளின் முதுகில் இருபுறமும் பொதி தொங்க, பெண்டிர் பிள்ளைகளோடு அவர்கள் நடந்தனர். உப்பும் தானியமும் அவர்களுடைய முதன்மைச் சரக்குகள். ‘லவணம்’ என்ற வடசொல்லோடு லம்பாடி என்ற பெயரைத் தொடர்புபடுத்துவாரும் உளர். பகைப்படைகள் இரண்டும் அவர்களைத் தாக்காது விடுதல் பெரும்பாலும் மரபாக இருந்தது. தம் வயிற்றுக்கும் அவர்கள் வேண்டும் என்பதை இரு படைகளும் அறிந்திருந்தன.

இதே காலத்தில் கடற்கரைக்கும் மேட்டு நிலத்துக்கும் இடையே சிறு கூட்டங்களாக நடந்த மற்றொரு மக்கள் குறவர். ‘உப்புக் குறவர்’, ‘கறிவேப்பிலைக் குறவர்’ எனச் சுமந்த சரக்காலேயே அவர்தம் பிரிவுகள் பெயர் பெற்றன. பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பை ஏற்றி, வண்டி புகாத சிற்றூர்களுக்குக் கொண்டு சென்று, தானியமும் காட்டுப் பொருளும் மாற்றி வந்தனர். குலத்தால் இவர்கள் உமணரின் வழியினர் என்பதற்குச் சான்றில்லை. தொழிலால் உமணர் விட்ட இடத்தில் நின்றவர்கள் என்பதில் ஐயமில்லை.

இருப்புப் பாதையும் பதிவேடும்

1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. பாதை பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டது. 1862-இல் மேலைக் கடற்கரையைத் தொட்டது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. ஒழுகை சென்ற அதே பள்ளத்தாக்கில் இருப்புப் பாதை படுத்தது. தோல் தொழிலுக்கு இது வாழ்வளித்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஊர்களிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்றன. முதல் உலகப் போரில் படைவீரர் காலணிகளுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் பெருமளவில் பயன்பட்டது.

பொதிமாட்டுக்கோ அது முடிவு. 1805-இலேயே சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆகிவிட்டது. இரயில் வந்தபின் உப்பு மொத்தமாக நகரங்களுக்குச் சென்றது. பெருவணிகர் கையில் சேர்ந்தது. 1876–78 பஞ்சத்தில் மாடுகள் மாண்டன. பின்னர் வந்த வனச் சட்டங்கள் மேய்ச்சலையும் காட்டுப் பொருளையும் விலக்கின. நடந்து பிழைத்த குறவர் கூட்டங்கள் இவ்வாறு படிப்படியாகத் தொழில் இழந்ததை ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார்.

தொழில் போனபின் பெயரும் போயிற்று. 1871-இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவருள் பல பிரிவினர் அதில் சேர்க்கப்பட்டனர். ஊர்விட்டு ஊர் போவதே அவர்களுடைய தொழிலாக இருந்தது; இப்போது ஊர்விட்டு ஊர் போவதே ஐயத்துக்குக் காரணமாயிற்று. காவலரிடம் கைரேகை பதிந்து, இருப்பிடம் அறிவித்து, அனுமதி பெற்று நகர வேண்டும். ஈராயிரம் ஆண்டு வழியைத் திறந்து வைத்திருந்த தொழில், ஒரு தலைமுறைக்குள் குற்றத்தின் அடையாளம் ஆனது. சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947-இல் நீக்கியது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்டு 31-இல் நீங்கியது. சட்டம் நீங்கிய நாளிலேயே ஐயம் நீங்கிவிடவில்லை என்பதை அம்மக்கள் அறிவர்.

மீண்டும் உப்பு

சென்னையையும் கிருட்டிணகிரியையும் இணைத்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை இன்று பழைய பெருவழியின் பணியைச் செய்கிறது. இரவெல்லாம் சரக்குந்துகள் வரிசையாகச் செல்கின்றன. முன்பு பாரவண்டிகள் இரவில் தொடராகச் சென்றபோது, முதல் வண்டிக்காரன் விழித்திருக்க, பின்வண்டிகளின் மாடுகள் முன்வண்டியின் சுவட்டைப் பற்றி நடக்கும். அச்சின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடும். சாலையோரச் சுமைதாங்கிக் கற்கள் சில, இறக்கி வைக்கச் சுமையின்றி இன்னும் நிற்கின்றன.

சரக்குந்துகளில் வரும் பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டே அனுப்பப்படுகிறது. அவ்வுப்பு பதனிடும் நீரோடு கலந்து பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. நெல்லுக்கு நிகராக விலை கூறி விற்கப்பட்ட பொருள், நெல் விளையும் நிலத்தையே கெடுக்கும் நிலைக்கு வந்தது. உப்பின் மீது பழியில்லை. அளவும் பகிர்வும் அறிந்து அதைச் சுமந்த கைகள் வேறு.

ஒழுகையின் நெறி எளியது. முன்செல்பவன் பின்வருபவனுக்காக நிற்பான். எவன் வண்டி முறியுமென்று அறியாததால் எல்லோரும் மாற்று அச்சு கட்டுவர். சமைத்த அடுப்பை அடுத்தவனுக்கு விட்டுச் செல்வர். உலகின் கால்களுக்குக் காலணி செய்யும் இப்பகுதி, வெறுங்காலோடு இவ்வழியை ஆக்கியவர்களுக்கு ஒரு நடுகல்லும் எடுக்கவில்லை. வீரருக்கு ஆம்பூரில் கல் உண்டு. நவாபுக்கு வரலாற்றில் இடம் உண்டு. உப்பு சுமந்தவர்க்கு எஞ்சியது, ஔவை தம் பாட்டில் கட்டி வைத்த அந்தச் சேம அச்சு ஒன்றே.