ஐந்நூற்றுவர் மரபும் ஏலமலையும்

போடிமெட்டு வழியே மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய், போடிநாயக்கனூரில் ஏலமிடப்படுகிறது. சாலை அமையாத காலத்தே மலைநாட்டையும் பாண்டிநாட்டையும் இணைத்தவை பொதிமாடுகள் நடந்த கணவாய்களே. கள்வரும் காட்டு விலங்கும் மிக்க அத்தகு வழிகளில் தனித்துச் செல்வது அரிது. வணிகர் குழுவாய்ச் சேர்ந்தமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம்.

அக்குழுக்களுள் தலையாயது திசையாயிரத்து ஐந்நூற்றுவர். கன்னடநாட்டு ஐகொளெயே இவர்தம் தோற்றுவாய். தமிழ்க் கல்வெட்டுகள் அதனை ஐயபொழில் என்னும். பல ஊரினரும் பல தொழிலினரும் தம்மை ஐயபொழில் பரமேசுவரியின் மக்களெனக் கூறிக்கொண்டு உடன்பிறப்புரிமை கொண்டாடினர். எருதுக் கொடி அவர்தம் அடையாளம். சரக்கைக் காக்கப் படைவீரரும் உடன் சென்றனர். அவர்தம் துணைபெற்ற ஊர்கள் எறிவீரபட்டினம் எனப் பெயர் பெற்றன. பிரான்மலையில் கூடித் தம் சரக்குகளின்மீது கோயிலுக்கு மகமை வைத்தனர். 1088இல் சுமத்திராவின் பாருசில் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர்.

அவர்தம் சங்கம் மறைந்தது. புகழ்மொழி கல்லில் நின்றது. அப்புகழ்மொழியில் மலைபடு பொருள் திரட்டியோர்க்கு இடமில்லை. இம்மலைகளில் வாழும் முதுவர், மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறிய கதையை வாய்மொழியாகவே காத்து வருகின்றனர். அதற்குக் கல் இல்லை. எழுதி வைத்த சங்கத்தையே வரலாறு அறியும். எழுதாதோர் வரலாற்றுக்கு எழுத்தாவது, மலையடிவாரத்துக் கவிஞர்தம் கடன்.