இதய அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சை

தீவிர சிகிச்சைப் பிரிவு இதய நோய்க்காகப் பிறந்ததல்ல. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத்திணறியவர்களின் தொண்டையில் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே காற்றைச் செலுத்தினர். அதிலிருந்தே இப்பிரிவு உருவானது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அறுவை செய்து வெற்றி கண்டார். வேலூர் சி.எம்.சி.யில் 1961இல் திறந்த இதய அறுவை நடந்தது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் பைபாஸ் அறுவையைச் செய்தார்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதய அறுவை என்றாலே நெடுங்காலம் மதுரைப் பயணம்தான். கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். செலவுக்குத் தோட்டத்தை விற்க வேண்டுமோ என்ற அச்சத்தை 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பெருமளவு குறைத்தது.

அறுவை முடிந்தபின், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் காணும் காட்சிதான் குடும்பத்தாரைக் கலங்கவைக்கும். நோயாளியின் முகம் வீங்கியிருக்கும், வாயில் செயற்கைச் சுவாசக் குழாய் இருப்பதால் பேச முடியாது, தலையசைப்பே பதில். நெஞ்சிலிருந்து வரும் குழாயில் வடியும் இரத்தத்தைச் செவிலியர் மணிக்கொருமுறை அளந்து குறிப்பர். பலருக்கு ஒரு நாளுக்குள் சுவாசக் குழாய் எடுக்கப்படும். பிறகு நெஞ்சோடு தலையணையை அணைத்து இரும வேண்டும். வலித்தாலும் சளி வெளியேற வேண்டும். முதியவர் சிலர் இரவில் ஊர்ப்பெயர் மறந்து பிதற்றுவதுண்டு. பெரும்பாலும் சில நாளில் தெளியும். மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.