ஐவர் குழலிசையும் அதனை வாழ்வித்த கலைஞர்களும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் கண்டனர் நம் முன்னோர். இவற்றுள் கலைஞனின் மூச்சையே உணவாகக் கொள்வது துளைக்கருவி. மேலைநாட்டுச் செவ்வியல் இசையில், ஐந்து துளைக்கருவிகளைக் கொண்டு ஐவர் சேர்ந்திசைக்கும் மரபு ஒன்று இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன் என்பன அவ்வைந்தாம். ஓபோவும் பாசூனும் நம் நாதசுரத்தைப் போலச் சீவாளியால் ஒலிப்பவை. கிளாரினெட் தமிழர் இசைமேடைக்கும் பழக்கமானதே. ஹார்ன் என்பது வளைந்த பித்தளைக் கொம்பு. மரக்குழல்கள் நான்கின் நடுவே பித்தளைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அதன் தொனியில் உள்ள குழைவே அதற்கு அவ்விடத்தைப் பெற்றுத் தந்தது.

இம்மரபின் வரலாற்றை இயற்றியவர் பெயர்களைக் கொண்டு மட்டும் எழுதிவிட இயலாது. தேர்ந்த கலைஞர் ஐவர் ஓரிடத்தில் கூடியபோதெல்லாம் இவ்விசை தழைத்தது. அத்தகையோர் இல்லாதபோதெல்லாம் உறங்கிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரண்மனைகளில் துளைக்கருவிக் குழுக்கள் இருந்தன. வியன்னாவில் இரண்டாம் ஜோசப் மன்னர் 1782ஆம் ஆண்டில் தமக்கென அத்தகைய குழு ஒன்றை நிறுவினார். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன் ஆகியவற்றில் இவ்விரண்டாக எண்மர் கொண்ட குழு அது. மோட்சார்ட்டும் அத்தகைய குழுக்களுக்கு இசை இயற்றியுள்ளார். ஆயினும், விருந்தினர் உண்ணும்போதும் தோட்டத்தில் உலவும்போதும் பின்னணியாக ஒலிப்பதே அவற்றின் பணியாகப் பெரும்பாலும் இருந்தது. அமர்ந்து செவிமடுக்கத் தக்கவை நரம்புக்கருவிகளே என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது.

இந்நிலை பாரிசில் மாறியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேசியக் காவற்படைக்கும் பொது விழாக்களுக்கும் குழல் ஊதுவோர் பலர் தேவைப்பட்டனர். அப்படையின் இசைக்குழுவிலிருந்து ஒரு பள்ளி தோன்றியது. அதன் வழியாகவே 1795ஆம் ஆண்டில் பாரிசு இசைக் கல்லூரி பிறந்தது. அங்குப் பயின்ற துளைக்கருவிக் கலைஞர்கள் திறத்தில் ஓங்கி நின்றனர். அவர்தம் திறமைக்கு ஏற்ற இசைதான் எழுதப்படவில்லை.

அக்குறையைத் தீர்த்தவர் அந்தோனின் ரைக்கா. பிராகா நகரில் 1770ஆம் ஆண்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, சிறுவனாக வீட்டை விட்டு ஓடி, இசைக் கலைஞரான சிற்றப்பனிடம் அடைக்கலம் புகுந்தவர் இவர். பான் நகரின் அரண்மனை இசைக்குழுவில் இவர் புல்லாங்குழல் வாசித்தபோது, அதே குழுவில் வயோலா வாசித்த இளைஞர் பேத்தோவன். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், நண்பர்கள். பிரெஞ்சுப் படையின் வருகையால் 1794இல் பான் நகரை விட்டு நீங்கிய ரைக்கா, ஹாம்பர்க், பாரிசு, வியன்னா எனச் சுற்றி, 1808இல் மீண்டும் பாரிசுக்கே வந்து சேர்ந்தார்.

குழல்களுக்கு எழுதும் முதல் முயற்சியில் ரைக்கா தோல்வியுற்றார். தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே இதனை மறைக்காமல் எழுதியுள்ளார். நரம்புக்கருவிகள் நான்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றன் ஒலி மற்றொன்றோடு எளிதில் கலந்துவிடும். இவ்வைந்துமோ வெவ்வேறு குலத்தவை. ஒன்று உயர்ந்தால் மற்றொன்று மறைந்துவிடும். மேலும், அக்காலத்து ஹார்னில் திறப்பான்கள் இல்லை. இயல்பாக வாராத சுரங்களைக் கலைஞர் தம் கையைக் கொம்பின் வாயினுள் நுழைத்து அடைத்தும் திறந்துமே எழுப்ப வேண்டும். எந்தச் சுரம் எவ்வளவு மங்கும் என்று அறியாதவர் அக்கருவிக்கு எழுத முடியாது. எனவே, ஒவ்வொரு கருவியின் இயல்பையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே ரைக்கா மீண்டும் எழுதுகோலை எடுத்தார்.

அவருக்கு வாய்த்த ஐவரின் பெயர்கள் நினைக்கத் தக்கவை. புல்லாங்குழல் கிய்யூ, ஓபோ வோக்ட், கிளாரினெட் பூஃபில், ஹார்ன் தோப்ரா, பாசூன் ஆன்ரி. ஐவரும் பாரிசு இசைக் கல்லூரியின் தொடர்புடையவர்கள். தோப்ரா கையடைப்பு முறையில் நிகரற்றவர். அக்கலையைக் கற்பிக்கப் பெருநூல் ஒன்றும் எழுதினார். வோக்ட்டின் இசையை அரங்கில் கேட்டு உருகியதைப் பெர்லியோஸ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார். இவர்களுக்காக 1811 முதல் 1820 வரை ரைக்கா இருபத்து நான்கு ஐவரிசைகளை ஆறு ஆறாக நான்கு தொகுதிகளில் இயற்றினார். ஃபவார் அரங்கில் அவை இசைக்கப்பட்டபோது பாரிசு மக்கள் விரும்பிக் கேட்டனர். அந்நகருக்கு வந்திருந்த செருமானிய வயலின் மேதை ஸ்போர், இசைத்த ஐவரையும் மனமாரப் புகழ்ந்தார். இயற்றியவரை மட்டும் சற்றே குறை கூறினார். கருத்துச் செல்வம் மிகுந்த ரைக்கா அதனை அளவின்றிச் செலவிடுகிறார் என்பது அவர் கருத்து. நீண்ட ஐவரிசைகள் சிலவற்றைக் கேட்போர்க்கு அக்குறையில் ஓரளவு உண்மை இருப்பது புலப்படும்.

ரைக்காவின் வழியைப் பின்பற்றிச் செருமனியில் பிரான்ஸ் தான்சி ஒன்பது ஐவரிசைகளை எழுதி, முதல் மூன்றை ரைக்காவுக்கே காணிக்கையாக்கினார். அதன் பின்னர் நீண்டதொரு மந்தநிலை. பெரும் இசையமைப்பாளர்கள் பியானோவையும் பெருங்குழுவையும் நாடினர். கருவிகளும் அக்காலத்தில் உருமாறிக்கொண்டிருந்தன. ஹார்னுக்குத் திறப்பான்கள் வந்தன, புல்லாங்குழலைப் போம் என்பவர் முற்றிலும் திருத்தி அமைத்தார். பாரிசில் புல்லாங்குழல் கலைஞர் தஃபனெல் 1879ஆம் ஆண்டில் துளைக்கருவிகளுக்கெனத் தனிச் சங்கம் கண்டபோதுதான் மீண்டும் உயிர்ப்பு ஏற்பட்டது.

அதே 1879ஆம் ஆண்டில், டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில், ஏழைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பதினான்காம் வயதில் படைப்பிரிவு இசைக்குழுவில் கொம்பு ஊதச் சேர்ந்தான். கார்ல் நீல்சன் என்னும் அச்சிறுவனே பிற்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த இசையமைப்பாளரானார்.

1921ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நீல்சன் ஒரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தார். பியானோ கலைஞரான அந்நண்பரின் இல்லத்தில் அப்போது கோப்பன்ஹேகன் குழல் ஐவருள் நால்வர் மோட்சார்ட்டின் இசையைப் பயின்றுகொண்டிருந்தனர். தொலைபேசியின் வழியே கசிந்த அந்த ஒலி நீல்சனைக் கவர்ந்தது. தாமும் வந்து கேட்கலாமா என வினவி, அங்கேயே சென்று அமர்ந்தார். அவ்வைவருக்கென அவர் எழுதிய ஐவரிசை 1922ஆம் ஆண்டு ஏப்ரலில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நண்பர் இல்லத்தில் முதன்முதலாக ஒலித்தது; அக்டோபர் 9ஆம் நாள் கோப்பன்ஹேகனில் பொதுமக்கள் முன் அரங்கேறியது.

நீல்சன் கருவிகளுக்கு மட்டும் எழுதவில்லை. ஹாகெமான், பெலும், ஒக்சன்வாட், சோரன்சன், லாசன் என்னும் ஐந்து மனிதரின் குணங்களுக்கும் சேர்த்து எழுதினார். ஐவரும் ஒரே நேரத்தில் பேசுவர். பிறகு ஒருவர் மட்டும் தனித்துப் பேசுவார். இறுதிப் பகுதியில் ஓபோ கலைஞர் தம் கருவியைக் கீழே வைத்து, அதனினும் தாழ்ந்த குரலுடைய வேறொரு குழலை எடுக்கிறார். நீல்சன் முன்னரே அமைத்திருந்த வழிபாட்டுப் பாடலின் மெட்டு அதன்பின் எளிமையாக வந்து, பலவகை மாறுபாடுகளாக விரிகிறது. அவற்றுள் ஒன்றில் பாசூன் தன்னந்தனியே நிற்கிறது, மற்றொன்றில் ஹார்ன். இத்துறையில் தோன்றிய இசைகளுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

ஐவருள் ஒவ்வொருவருக்கும் பெருங்குழுவோடு இசைக்கத்தக்க தனிக் கன்சர்ட்டோ ஒன்று எழுதித் தருவதென நீல்சன் முடிவு செய்தார். ஆனால் அவர் இதயம் ஏற்கெனவே நோயுற்றிருந்தது. ஹாகெமானின் இடத்திற்கு வந்த கில்பர்ட் எஸ்பர்சனுக்குரிய புல்லாங்குழல் கன்சர்ட்டோ 1926இல் பாரிசில் அரங்கேறியது. ஒக்சன்வாட்டுக்குரிய கிளாரினெட் கன்சர்ட்டோ 1928இல் முடிந்தது. முன்கோபமும் உள்ளன்பும் ஒருங்கே கொண்ட அக்கலைஞரின் இயல்பு அதில் அப்படியே தெரிகிறது. சிறு முரசு ஒன்று இடையிடையே சினமூட்ட, கிளாரினெட் சீறுகிறது, பின்னர்த் தணிகிறது. கிளாரினெட்டின் மிகக் கடினமான சுரங்களையெல்லாம் தேடிப் பிடித்திருப்பதைப் பார்த்தால் நீல்சனும் அதை வாசிக்கத் தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று ஒக்சன்வாட் நகைத்ததாகச் சொல்வர்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் நீல்சன் மறைந்தார். ஓபோவுக்கும் ஹார்னுக்கும் பாசூனுக்கும் எழுத எண்ணிய மூன்றும் எழுதப்படவே இல்லை. பெலும், சோரன்சன், லாசன் ஆகிய மூவருக்கும், 1922ஆம் ஆண்டின் ஐவரிசையில் அவரவர்க்கென வகுத்த பங்கினை அவர் விட்டுச் சென்றார்.