பெயரும் முகவரியும்: ஹிப் ஹாப் மிக்ஸ்டேப் டிஜேக்களின் வரலாற்றிலிருந்து



தலித் இலக்கிய மேடையில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் கேசட்டுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் பிளாக் பேந்தர்களின் பெயரைத் தழுவித் தலித் பேந்தர்ஸ் அமைப்பு பிறந்தது. இந்த அரசியல் உறவை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இசையைக் கையால் செய்தவரின் உழைப்புக்கு யார் பெயர் வைப்பது என்ற கேள்வியை அவ்வளவாகப் பேசவில்லை. பறையடித்தவரிடம் அதைக் கலை என்று சொல்லாமல் ஊர்க்கடமை என்று சொன்ன நாடு நம்முடையது. அதனால் இந்த வரலாறு நமக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

2007 ஜனவரி 16. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் ஓர் இசைக்கூடத்துக்குள் ஃபுல்டன் கவுன்ட்டி ஷெரிஃப் துறையினர் துப்பாக்கிகளுடன் நுழைந்தார்கள். அங்கே இருந்தவர்கள் டிஜே டிராமா, டான் கேனன் என்ற இரண்டு மிக்ஸ்டேப் டிஜேக்களும் அவர்களுடைய ஆட்களும். 81,000 குறுந்தட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன. கணினிகள், ஒலிப்பதிவுக் கருவிகள், வாகனங்களும் போயின. சோதனைக்கு உடனிருந்து உதவியது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம். இருவர் மீதும் பாய்ந்தது ஜார்ஜியாவின் ரிக்கோ சட்டம். ரிக்கோ என்பது மாஃபியா கும்பல்களை உடைப்பதற்காக உருவான சட்டவகை.

குற்றச்சாட்டின் அடியில் ஒரு சிறிய விதி இருந்தது. அந்த மாநிலத்தில் விற்கப்படும் ஒலிப்பதிவின் உறையில் அதைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது குற்றம்.

ஒரு மிக்ஸ்டேப்பையாவது கேட்டவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். உலகத்தில் தன் பெயரை இவ்வளவு சத்தமாகச் சொல்லும் இசைவடிவம் வேறு இல்லை. பாட்டு தொடங்கும்போது டிஜே தன் பெயரைக் கத்துவார். நடுவில் கத்துவார். பாட்டைத் திருடி வேறு யாரும் விற்றுவிடாதபடி நல்ல வரிகளின் மேலேயே கத்துவார். அவரைத்தான் சட்டம் பெயரை மறைத்தவர் என்றது.

இந்தப் பெயர்ச் சண்டை எங்கே தொடங்கியது என்று பார்க்க நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட நெடுஞ்சாலை அந்தப் பகுதியின் குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு போனது. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். எழுபதுகளில் தெற்கு பிராங்ஸின் கட்டடங்கள் வரிசையாக எரிந்தன. மிச்சமிருந்தவர்கள் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கர்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும்தான்.

1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. நடத்தியவர் சிண்டி கேம்பல். பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்க அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடப்படும் நாள் அது. அண்ணன் பெயர் நிலைத்த அளவுக்குத் தங்கை பெயர் நிலைக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹெர்க் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தவர். நடனக்காரர்கள் எந்த இடத்தில் துள்ளுகிறார்கள் என்று கவனித்தார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் அவை. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்த நொடிகள் முடிந்ததும் மற்றொன்றில் அதே நொடிகளை மீண்டும் ஓட்டினார். சில நொடிகள் பல நிமிடங்களாயின. எந்தத் தட்டு என்று போட்டியாளர்களுக்குத் தெரியாமலிருக்க, தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவார். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. தட்டின் பெயர் மறைந்தது; போட்டவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கியது.

ஹெர்க் கண்டுபிடித்ததைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். தாளம் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் கிரேயானால் குறித்துவைத்தார். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க ஒரு சுவிட்சைத் தானே அமைத்துக்கொண்டார். காது, விரல், கணக்கு மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய வேலை இது. ஒரு சுற்றுப் பிந்தினால் கூட்டம் நின்றுவிடும். பாட்டுப் போடுகிறவன் என்று ஏளனமாகச் சொல்பவர்கள் ஒருமுறை செய்துபார்க்கலாம்.

இந்த வேலை கேசட்டில்தான் தங்கியது. ஹெர்க்கின் முதல் விருந்திலிருந்து ஆறு ஆண்டுகள், பிராங்ஸின் இந்த இசைக்கு இசைத்தட்டே கிடையாது. விருந்தில் பதிவான டேப்புகள் கைமாறின, பிரதியெடுக்கப்பட்டன, தோளில் சுமந்த பெரிய ரேடியோக்களிலும் வாடகைக் கார்களிலும் ஒலித்தன. கேட்பவரின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்து தனி டேப் செய்துதர, ஃபிளாஷ் நிமிடத்துக்கு ஒரு டாலர் வாங்கினார். வானொலி இவர்களைச் சீண்டவில்லை, கம்பெனிகளும் சீண்டவில்லை. ஒரு கேசட் பத்துக் கேசட் ஆவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

1979இல் கம்பெனி வந்தது. நியூஜெர்சியில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்த ஒருவர் ராப் டேப்பைப் போட்டு அதனுடன் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். கேட்டவர் ஷுகர் ஹில் நிறுவனத்தின் சில்வியா ராபின்சன். அந்த இளைஞர் பிக் பேங்க் ஹேங்க். 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டில் அவர் பாடியது பிராங்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதிய வரிகள். கேஸின் மேடைப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் வரியைக்கூட மாற்றாமல் பாடினார். தட்டு உலகமெங்கும் விற்றது. உறையில் கேஸின் பெயர் இல்லை. பாட்டுக்குள் அவர் பெயர் இருந்தது, அவருக்குரிய பணம் இல்லை. அதே தட்டின் இசை 'ஷிக்' குழுவின் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார்கள். அவர்களுடைய பெயர் சேர்க்கப்பட்டது. பதிப்புரிமைக் காகிதம் உள்ளவருக்குக் கிடைத்தது நோட்டுப்புத்தகம் மட்டும் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தட்டில் டிஜேயே இல்லை. தாளத்தைக் கூடத்தில் இருந்த இசைக்கலைஞர்கள் வாசித்தார்கள். ஹிப் ஹாப்பை உண்டாக்கிய தொழில், ஹிப் ஹாப்பின் முதல் பெருவெற்றியில் தேவையற்றதாகிவிட்டது. அதன் பிறகு டிஜே தானே முதன்மையாக நிற்கக்கூடிய இடமாக மிஞ்சியது பெரும்பாலும் கேசட்தான். எண்பதுகளில் ஹார்லெமில் புரூசி பி, பிறகு கிட் கேப்ரி, ரான் ஜி என்று ஒரு மரபு அங்கே வளர்ந்தது.

1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நியூயார்க் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். திருடாதே என்ற விவிலியக் கட்டளையில் தொடங்கியது அந்தத் தீர்ப்பு. பிறர் பாட்டிலிருந்து துண்டு எடுத்ததற்காகக் குற்றவியல் விசாரணைக்கும் பரிந்துரைத்தது. அதன் பிறகு ஆல்பங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் பணமும் தேவையாயின. மிக்ஸ்டேப் மட்டும் தெருவிலேயே நின்றது. அதனாலேயே புதுமை அங்கே நடந்தது. 2000இல் துப்பாக்கிச் சூட்டுக்குள்ளாகி, கம்பெனியாலும் கைவிடப்பட்ட 50 சென்ட் திரும்பி வந்தது 2002இன் மிக்ஸ்டேப்புகள் வழியாகத்தான். கம்பெனிகள் இதைப் புரிந்துகொண்டன. தங்கள் பாடகர்களின் புதுப் பாட்டுகளைத் தாங்களே டிஜேக்களிடம் கொடுத்தனுப்பின. விளம்பரத்துக்கு டிஜே வேண்டும், விற்பனையில் டிஜே திருடன்.

டிஜேக்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. வெளிவராத பாட்டுகளைக் கசியவிட்டுப் பெயர் வாங்கியவர்கள் உண்டு. தங்கள் டேப்பில் பாடியவருக்கு ஒரு காசும் கொடுக்காதவர்கள் உண்டு. அவர்களுடைய டேப்பையே பிரதியெடுத்து நடைபாதையில் விற்றவர்களும் உண்டு. ஆனால் இந்தச் சங்கிலியில் கைவிலங்கு யாருக்கு மாட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. டிராமா கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே டேப் விற்றவர். 2006இல் லில் வெய்னுடன் அவர் செய்த 'டெடிகேஷன் 2' விமர்சகர்களின் பெரும் பாராட்டைப் பெற்றிருந்தது. சோதனை நடந்த அதே 2007இன் டிசம்பரில் அவருடைய ஆல்பத்தை அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்டது. கைதுக்கு உதவிய சங்கத்தின் உறுப்பு நிறுவனங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். 2022இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது டைலர் த கிரியேட்டருக்குக் கிடைத்தது. அந்த ஆல்பம் முழுக்க மிக்ஸ்டேப் பாணியில் முழங்குவது டிராமாவின் குரல். அதே 2007இல்தான் கார்னெல் பல்கலைக்கழகம் ஹிப் ஹாப் ஆவணத் தொகுப்பையும் தொடங்கியது.

நான் அதிகம் யோசிப்பது இவர்களைவிட ஹூஸ்டனின் டிஜே ஸ்குரூவைப் பற்றி. இயற்பெயர் ராபர்ட் ஏர்ல் டேவிஸ். டெக்சாஸின் ஸ்மித்வில் என்ற சிற்றூரில் 1971இல் பிறந்தவர். பாட்டின் வேகத்தைக் குறைப்பார். குரல் கனத்து, சொற்கள் சேற்றில் நடப்பதுபோல நகரும். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்றைச் சற்றுப் பின்தங்கவிட்டு, ஒரு சொல்லை இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டிக் கேட்கவைப்பார். தெற்கு ஹூஸ்டனின் இளைஞர்கள் விருப்பப் பாட்டுகளின் பட்டியலோடு அவர் வீட்டுக்கு வருவார்கள். தங்கள் பெயரை, தெருவின் பெயரை, இறந்துபோன நண்பனின் பெயரை டேப்பில் சொல்லிவைப்பார்கள். 1996இல் ஒரு நண்பரின் பிறந்தநாளுக்காகச் செய்யப்பட்ட 'ஜூன் 27' என்ற டேப் இன்றும் அந்த நகரத்தின் பண்டிகைபோல இருக்கிறது. சாம்பல் நிறக் கேசட்டுகள் வாங்க வீட்டு வாசலில் கார்கள் வரிசையில் நிற்கும். கறுப்பினத்தவர் வீட்டு வாசலில் இரவில் இவ்வளவு கார்கள் நின்றால் உள்ளே போதைப்பொருள்தான் விற்க வேண்டும் என்று போலீஸ் நினைத்தது. 1998இல் அவர் கடை திறந்தார். 2000 நவம்பரில், 29 வயதில் இறந்துபோனார். அவருடைய இசைத்தட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் இப்போது ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில், அவருடைய பெயரிலேயே இருக்கின்றன.

அந்தச் சாம்பல் கேசட்டுகள் சிலவற்றில் ஹூஸ்டனின் மூன்றாம் வார்டைச் சேர்ந்த உயரமான ஓர் இளைஞரின் குரல் இருக்கிறது. பிக் ஃபிளாய்ட் என்ற பெயரில் அவர் ராப் பாடினார். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே இறந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் அவர்தான். உலகம் அவர் பெயரை அறிவதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே, வேகம் குறைக்கப்பட்ட ஒரு டேப்பில் அவர் குரல் பதிவாகியிருந்தது.