பலெர்மோவின் வெயில் கணக்கு

பவுல் அப்போஸ்தலன் கைதியாக ரோமாபுரிக்குப் போகும் வழியில் சீரகூசா பட்டணத்தில் மூன்று நாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கப்பற்சேதத்தின் பரபரப்பு முடிந்தபின் வருகிற வசனம் என்பதால் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அந்தத் துறைமுகம் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிறது. அதிலிருந்து சில மைல் உள்நாட்டில் புளோரிதியா என்ற சிற்றூர். 2021 ஆகஸ்ட் 11 அன்று அதன் அருகே 48.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. உலக வானிலை அமைப்பு அந்தப் பதிவை நெடுநாள் ஆராய்ந்து, ஐரோப்பாக் கண்டத்தில் இதுவரை அளக்கப்பட்ட உச்ச வெப்பம் அதுவே என்று 2024 ஜனவரியில் அறிவித்தது.

அதே தீவின் வடகரையில் உள்ள தலைநகரம் பலெர்மோ. 1980-களில் தொடங்கி இலங்கைத் தமிழர் பலர் அங்கே குடியேறி வாழ்கிறார்கள். அந்த நகரத்தின் வெயில் வரலாற்றை இம்முறை பார்ப்போம்.

நமக்குத் தென்றல் என்றால் இதமான காற்று. ஆனால் லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், தெற்கிலிருந்து வீசும் காற்றை வெப்பத்தின் அடையாளமாகச் சொல்லுகிறார். தெற்கே பாலைவனம் உள்ள தேசத்தாருக்கு அது தெரிந்த சங்கதி. பலெர்மோவாசிகளுக்கும் அப்படியே. சகாராவில் புறப்பட்டுக் கடல் தாண்டி வரும் சிரோக்கோ காற்று, நகரத்துக்குப் பின்னால் உள்ள மலைகளைக் கடந்து இறங்கும்போது இன்னும் சூடேறி, அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அறையும்.

இந்தக் காற்றோடு வாழ அந்த ஊரார் நன்றாகவே கற்றிருந்தார்கள். கி.பி. 831-இல் பலெர்மோவைப் பிடித்த அரபியர் 'கனாத்' என்னும் சுரங்கக் கால்வாய் முறையைக் கொண்டுவந்தார்கள். மலையடிவாரத்து நிலத்தடி நீர், மெல்லிய சரிவில் தானாக ஓடி நகரத்துக்கு வரும். இறைக்க ஆளும் வேண்டாம், மாடும் வேண்டாம். பிற்காலத்துப் பிரபுக்கள் அந்த நீரோட்டத்தை ஒட்டிப் பாறையைக் குடைந்து அறைகள் அமைத்தார்கள். அவற்றுக்கு 'சிரோக்கோ அறை' என்றே பெயர். அனல் காற்று அடிக்கும் நாட்களில் குடும்பத்தோடு கீழே இறங்கி, ஓடும் தண்ணீரின் குளிர்ச்சியில் பகலைக் கழிப்பார்கள். 1165-இல் நார்மன் அரசன் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கிய ஸீசா அரண்மனை இன்னொரு அதிசயம். கடற்காற்றை உள்ளே வாங்கும்படி அதன் பெரிய வளைவுகள் கடல் நோக்கி நிற்கின்றன, நடுமண்டபத்தில் நீரூற்று. மின்விசிறி வருவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னே செய்த ஏற்பாடு இது! ஏழைகளுக்கு அரண்மனையும் இல்லை, பாதாள அறையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அப்படியானால் வெயில் அங்கே புதிதல்லவே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சியும் அதே ஊரில் உண்டு. 1790-இல் அரச மாளிகையின் கோபுரத்தின்மேல் ஒரு வானியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. அதை நடத்தியவர் ஜுசெப்பே பியாட்சி என்ற கத்தோலிக்கக் குரு. 1801-ஆம் ஆண்டின் முதல் நாள் இரவில் சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தவர் இவரே. நட்சத்திரத்தின் ஒளி காற்றில் எவ்வளவு வளைகிறது என்பது காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. ஆகவே வானத்தை அளக்கிறவர் தெர்மாமீட்டரையும் பார்த்தாக வேண்டும். இப்படி வேறொரு காரியத்துக்குத் துணையாக வந்த வெயில் கணக்கு 1791 முதல் அங்கே இருக்கிறது. நம் சென்னைக்கும் இதில் உறவு உண்டு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஆய்வுக்கூடம் எழுந்தபோது நிறுத்திய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அந்த நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பலெர்மோ கோபுரத்தில் 2023 ஜூலை 24 அன்று 47 டிகிரி பதிவானது. 1791 முதல் உள்ள கணக்கில் அதைவிட உயர்ந்த எண் இல்லை. நெப்போலியன் காலம், இரண்டு உலகப் போர்கள், இடையே எத்தனையோ சிரோக்கோக்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடக்கம். அன்றும் மறுநாளும் நகரத்தைச் சூழ்ந்த மலைகள் தீப்பற்றின. தீயை மூட்டியது பல இடங்களில் மனிதக் கையாக இருக்கலாம். ஆனால் சருகாய்க் காய்ந்திருந்த மலையும் அனல் காற்றும் அதைப் பரப்பின. விமான நிலையம் சில மணிநேரம் மூடப்பட்டது. பெல்லோலாம்போ குப்பைமேடு எரிந்து நச்சுப்புகை பரவியது. சாந்தா மரியா தி ஜேசு ஆலயமும் எரிந்தது. ஆப்பிரிக்க அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து 1589-இல் மரித்த பெனதெத்தோ என்ற துறவியின் உடல் அங்கே பாதுகாக்கப்பட்டிருந்தது; அதுவும் தீக்கு இரையானது. திருப்பண்டங்களைப்பற்றி நம்முடைய போதனை வேறு. ஆனாலும் நானூறு ஆண்டுக்கு மேல் எத்தனையோ கோடைகளைத் தாண்டி நின்ற ஒன்று இந்தக் கோடையில் போனதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

காரணங்களில் ஒன்று உள்ளூரிலேயே இருக்கிறது. நகரத்தைச் சுற்றியிருந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களின் சமவெளிக்குப் 'பொற்சிப்பி' என்று பெயர். 1950-60-களில் மாபியாக் கும்பலும் நகராட்சி அரசியல்வாதிகளும் கைகோத்து அதில் பெரும்பகுதியை அழித்து அடுக்குமாடிகளாக்கினார்கள். நிழல் போன இடத்தில் கான்கிரீட் வந்தது. பெரிய காரணமோ நாம் எல்லோரும் பங்குள்ள ஒன்று: நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றின் புகை. 1970-களுக்குப் பின் பூமியின் சராசரி வெப்பம் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி கூடிவந்தது. அண்மைப் பத்தாண்டில் அது கால் டிகிரியைத் தாண்டிவிட்டதாக ஆய்வாளர் கணக்கிடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைவிட 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. மத்தியதரைக் கடற்பகுதி உலகச் சராசரியைவிட வேகமாகவே சூடாகிறது. அதே 2024-இல் சிசிலியில் கடும் வறட்சி; அக்டோபரில் பலெர்மோவின் சில பகுதிகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். கனாத் வெட்டின ஊருக்கு அந்த நிலை.

ஐரோப்பாவில் 2022 கோடையில் மட்டும் வெப்பத்தால் 61,000-க்கு மேற்பட்டோர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாடுகளில் இத்தாலிக்கே முதலிடம், ஏறக்குறைய 18,000 பேர். பெரும்பாலோர் முதியவர். வயதானவர்களுக்குத் தாக உணர்வு குறைந்துவிடும்; உடலில் நீர் வற்றுவது அவர்களுக்கே தெரியாது. பலெர்மோ வீடுகளில் இப்படிப்பட்ட முதியவர்களைப் பராமரிக்கிறவர்களில் நம் தமிழ்ச் சகோதர சகோதரிகளும் பலர். காலையிலேயே ஜன்னல் கதவுகளை அடைத்து இருட்டாக்கி, நனைத்த துணியால் கைகால் துடைத்து, வேண்டாம் என்று தலையசைக்கும் பாட்டிக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் புகட்டுவது இப்போது அந்த வேலையில் ஒரு பங்கு.